ஆறு மாதம், நான்கு நாள்

தூரம் என்ற கட்டத்தில் கிலோமீட்டர் கேட்டிருந்தார்கள்.
பாலுஜிரியாவில் யாரும் கிலோமீட்டரில் நடப்பதில்லை.
வெயில் காலத்தில் மூன்று பீடி, என்றார் துகாலு.
மழைக்காலத்தில் அது தூரமே இல்லை,
ஓடையின் மனசு.
ஏழு என்று எழுதிக்கொண்டேன்.
பேருந்து திரும்புகிற கரஞ்சி டிப்போவில்
டீக்கடைக்காரன் சொன்ன எண்.

நான் அறிவியல் வாத்தியார்.
பிப்ரவரி முழுக்கத் தலை எண்ண அனுப்பியிருந்தார்கள்.
இருநூற்றைம்பது தலை இருந்தால் சாலை.
ஒன்று குறைந்தாலும்
ஜல்லி ஓடைக்கு அந்தப் பக்கமே நின்றுவிடும்.

வயதைக் கேட்டால் பெயரையே திருப்பிச் சொன்னார்கள்.
துகாலு பஞ்சத்தில் பிறந்தவர்.
இத்வாரின் ஞாயிற்றுக்கிழமையில்.
எந்த ஞாயிறு என்பது
என் படிவத்தின் கவலை, அவளுடையது அல்ல.

சால் மரத்தடியில் உட்கார்ந்து கூட்டினேன்.
இருநூற்று நாற்பத்தெட்டு.
கீழிருந்து மேலாகக் கூட்டினேன்.
அதேதான்.

போன மாதம் செத்த ஜேட்டூ
இன்னும் ரேஷன் அட்டையில் இருக்கிறாரே, என்றான் ஒருவன்.
புல்பாசனின் வயிற்றைப் பாருங்கள்,
அளவுக்கு இரண்டாவது இருக்கும், என்றாள் இன்னொருத்தி.
புல்பாசன் உட்பட எல்லோரும் சிரித்தார்கள்.
நானும் சிரித்தேன்,
பேனா மூடியை மூடாமல்.

அப்போதுதான் யாரோ சொன்னார்கள்,
சமாரூவின் பையன்கள்!
ஜம்மு பக்கம் செங்கல் சூளையில் இருவர்.
விதியைப் புரட்டினேன்.
வெளியூர் போய் ஆறு மாதம் ஆகாதவர்
இந்த ஊர்க் கணக்கு.
கூட்டம் சட்டென்று எழுந்து நின்றது.
இரண்டு பையன்கள், இரண்டு தலை,
பள்ளிக்கூட மைதானம் வரைக்கும் தார்.

எப்போது போனார்கள்?
சமாரூ தரையைப் பார்த்தார்.
இருபத்திரண்டு வருடமாகத் தேர்வு அறையில்
ஒரு பிள்ளைக்கும் நான் விடை எடுத்துக் கொடுத்ததில்லை.
தசராவுக்கா? என்று கேட்டேன்.
என் குரல் எனக்கே வேறு யாருடையதோ போலிருந்தது.

தசரா என்று அவர் வாய் குவிந்தது.

தீஜாவுக்கு, என்றாள் பிசாஹின்.
கூட்டத்தின் கடைசியில்
விறகுக் கட்டைக்கூட இறக்காமல் நின்றிருந்தாள்.
நான் விரதத்துக்கு அம்மா வீடு போயிருந்தேன்.
திரும்பி வந்தால் இரண்டு தட்டும் கழுவிக் கவிழ்த்திருந்தது.
என்னிடம் சொல்லாமல் போனார்கள்.
இவர்தான் அனுப்பினார்.
ஏஜெண்டிடம் இவர்தான் முன்பணம் வாங்கினார்.
தசரா என்று எழுதினால்
நான் ஊரில் இருந்தேன் என்று ஆகிவிடும்.
நான் ஊரில் இல்லை.

யாரும் அவளைத் திட்டவில்லை.
திட்டியிருந்தால் எனக்குச் சுலபமாக இருந்திருக்கும்.
புல்பாசன் மட்டும் மெதுவாகக் கீழே உட்கார்ந்தாள்,
இரண்டு கையையும் பின்னால் ஊன்றி.
விரல் விட்டு எண்ணினேன்.
ஆறு மாதம், நான்கு நாள்.

ஐந்து மணிப் பேருந்துக்கு நேரமாகிவிட்டது.
அடுத்தது நாளைக் காலை.
இருட்டுவதற்குள் டிப்போ போய்விடலாம் என்று இறங்கினேன்.
ஓடை மணலைத் தாண்டும்போது
பின்னால் டார்ச் வெளிச்சம். பிசாஹின்.
கரடி நடமாட்டம் இருக்கு, என்றாள்.
வேறெதுவும் பேசவில்லை.
பாதி வழியில் டார்ச்சை என்னிடம் கொடுத்துவிட்டு
இருட்டிலேயே திரும்பிப் போனாள்.

எண்ணுவது ஒரு வியாதி.
என் அடிகளை எண்ணிக்கொண்டே நடந்தேன்.
ஆயிரத்துக்கு ஒரு கூழாங்கல்
சட்டைப் பையில்.
டிப்போ பெஞ்சில் கொட்டிப் பெருக்கிப் பார்த்தேன்.
ஏழு இல்லை.
ஒன்பது, கொஞ்சம் கூட.

மக்கள் தொகைக் கட்டத்தை நான் தொடவில்லை.
தூரத்தை அடித்தேன்.
டீக்கடை அடைத்திருந்தது.
டார்ச் வெளிச்சத்தில்
ஒன்பது என்று எழுதினேன்,
எழுத்தாலும் எண்ணாலும்.